நாயின் சொறியும் வீட்டாரின் பொறுமையும்

திருப்பூரினின்று தாராபுரம் செல்லும் நெடுஞ்சாலையும், கோவையினின்று பல்லடம், காங்கயம் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையும் சந்திக்கும் நாற்சந்தி ஊர் அவிநாசிபாளையம். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்களும், விசைத்தறிக்கு நூல் கொண்டு செல்லும் வண்டிகளும், கறிக்கோழி லாரிகளும் ஓயாது ஓடும் இவ்வட்டாரத்துச் சாலையோரங்களில், தேநீர்க் கடைகளை அண்டிச் சுருண்டு கிடக்கும் நாய்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவற்றுட் சில தெருவில் பிறந்தவை அல்ல. கழுத்தில் பட்டை கிடந்த தடம் இன்னும் தெரியும். யாரேனும் "உட்கார்" என்றால் உட்காரும். ஒரு காலத்தில் அவற்றுக்கும் ஒரு வாசல் இருந்தது. பெயர் சொல்லி அழைக்கப் பிள்ளைகள் இருந்தனர். இன்றோ உரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, யானைத் தோல் போல் மடிப்பு விழுந்து, இரவெல்லாம் தம்மைத் தாமே சொறிந்து கொண்டு கிடக்கின்றன.

அவை ஏன் அங்கு வந்து சேர்ந்தன என்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "சொறி பிடித்துவிட்டது, போகவில்லை, கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்."

நம்மிடம் பேச வருவோருட் பலர் இக்குறையை எடுத்துரைத்ததுண்டு. "ஏனுங்க சாமி, எத்தனையோ மருந்து போட்டாச்சுங்க. பத்து நாள் நல்லா இருக்குதுங்க, மறுபடியும் பழையபடி ஆயிருதுங்க. என்னதானுங்க பண்றது?" என்று அவர்கள் கேட்கும் குரலில் சலிப்பும் உண்டு, உண்மையான வருத்தமும் உண்டு. இக்கேள்விக்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. அவ்விடையை அறியாமையால்தான் எத்தனையோ நாய்கள் வீடிழக்கின்றன. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

சொறி என்பது ஒரு நோயா?

முதலில் தெளிய வேண்டியது இது: சொறி என்பது ஒரு நோயின் பெயரன்று, பல நோய்கள் வெளியே காட்டும் ஒரே முகம் அது. காய்ச்சல் என்றால் மலேரியாவாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம், சாதாரணச் சளியாகவும் இருக்கலாம் அன்றோ? அவ்வாறே நாய் சொறிவதற்கும் உரோமம் உதிர்வதற்கும் பல காரணங்கள் உண்டு. காரணம் எது என்று கேளாமல் மருந்து போடுவோர், பூட்டைப் பாராமல் சாவியை மாற்றி மாற்றித் திருப்புவோரை ஒப்பர். "மருந்து கேட்கவில்லை" என்று அவர்கள் கூறும்போது, அந்நோய்க்கு உரிய மருந்து இன்னும் கொடுக்கப்படவே இல்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

காரணங்களை ஆறு வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் பூச்சிகள்: உண்ணியும் தெள்ளும். நம் வட்டாரத்தில் கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகளில், கொழுக்கட்டைப் புல்லிடையே ஆடுமாடுகளோடு திரியும் நாய்க்கு உண்ணி ஒட்டாதிருப்பது அரிது. ஆயினும் நாயைப் பெரிதும் வருத்தும் பழுப்பு உண்ணி காட்டில் மட்டும் வாழ்வதன்று. வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழவல்லது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி, நாயின் உடலினின்று கழன்று விழுந்து, சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தெள்ளும் அத்தகையதே. அதன் முட்டைகள் நாயின் மேல் தங்காமல் தரையில் உதிர்கின்றன. புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கிலும் மண்ணிலும் வளர்கின்றன. நம் கண்ணில் படும் தெள்ளு, மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. எனவே நாயை மட்டும் கழுவிவிட்டு, அது படுக்கும் சாக்கையும் பனியன் வேஸ்ட் துணியையும் அப்படியே விட்டுவைத்தால், இரண்டு வாரத்தில் பழைய கதைதான்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள். இவற்றில் இரு வகை உண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் மிகவும் இன்றியமையாதது. ஒன்று தோலில் சுரங்கம் தோண்டி முட்டையிடும் 'சார்காப்டிஸ்'. இது காது ஓரத்திலும், முழங்கையிலும், பின்கால் மூட்டிலும் தொடங்கும், அரிப்போ தாங்கவொண்ணாதது, நாய்க்கு நாய் விரைந்து பரவும். மற்றொன்று உரோமக் குழிக்குள் வாழும் 'டெமோடெக்ஸ்'. இது நலமாக இருக்கும் நாய்களின் உடலிலும் சிறு எண்ணிக்கையில் உண்டு. பிறந்த சில நாட்களில் பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேர்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது அளவின்றிப் பெருகி, உரோமத்தைத் திட்டுத் திட்டாக உதிர்க்கிறது. தொடக்கத்தில் அரிப்புக் குறைவு, மனிதர்க்குத் தொற்றுவதில்லை. குட்டிகளுக்குச் சிறிதளவு வந்தால் தானே ஆறிவிடுவதும் உண்டு. ஆனால் உடலெங்கும் பரவிய நாயை இனப்பெருக்கத்துக்கு விடுதல் தகாது. அக்குறை அதன் குட்டிகளுக்கும் செல்லும்.

மூன்றாவது, பூஞ்சை. படர்தாமரை வட்ட வட்டமாக உரோமத்தை உதிர்க்கும். நாயைக் கட்டியணைக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும். மற்றொரு வகைப் பூஞ்சை, காதிலும் அக்குளிலும் விரல் இடுக்கிலும் ஈரம் தேங்கும் இடங்களில் பெருகி, பிசுபிசுப்பையும் ஒருவகைப் புளித்த நாற்றத்தையும் உண்டாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இது மிகும்.

நான்காவது, பாக்டீரியா. இது பெரும்பாலும் தானாக வருவதன்று. வேறொரு காரணத்தால் நாய் சொறிந்து தோலைக் கிழித்த இடத்தில் புகுந்து கொப்புளமும் சீழும் உண்டாக்கும். இதற்கு மட்டும் மருந்து கொடுத்து மூல காரணத்தை விட்டுவிட்டால் புண் மீண்டும் மீண்டும் வரும்.

ஐந்தாவது, ஒவ்வாமை. சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. ஒரு சில கடிகளே உடலெல்லாம் அரிக்கச் செய்துவிடும். சிலவற்றுக்குக் கோழியிறைச்சி, மாட்டிறைச்சி, பால் போன்ற உணவுகளில் ஒன்று ஆகாது. சிலவற்றுக்கு வீட்டுத் தூசியும் பூந்தாதும் ஆகாது. நம் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்றையும், அது வாரி இறைக்கும் புழுதியையும் சொல்ல வேண்டுவதில்லை. பாதத்தை ஓயாது நக்கும் நாயும், அடிக்கடி காதுச் சீழ் காணும் நாயும் பெரும்பாலும் ஒவ்வாமை உடையவை.

ஆறாவது, உடலுள்ளே சுரக்கும் நீர்களின் குறைபாடு. தைராய்டு சுரப்புக் குறைந்தால் நாய் தடிக்கும், சோம்பும். இரு விலாவிலும் ஒன்றுபோல் உரோமம் உதிரும். ஆனால் அவ்வளவாக அரிப்பிராது. இதனை எந்தக் களிம்பும் ஆற்றாது.

கைவைத்தியம் செய்யும் கேடு

காரணத்தை அறியாமல் நாம் செய்வது என்ன? வண்டிப் பட்டறையிலிருந்து கழிவு எண்ணெயை வாங்கி வந்து நாயின் மேல் பூசுகிறோம். சிலர் தறிக்கு விடும் எண்ணெயைப் பூசுகின்றனர். சிலர் மண்ணெண்ணெய், சிலர் பினாயில். சிற்றுண்ணி மூச்சடைத்துச் சாகும் என்பது நம்பிக்கை. ஆனால் நாய் தன் உடலை நக்கும் இயல்புடையது. பூசிய எண்ணெய் வயிற்றுக்குள் செல்கிறது. புண்ணான தோல் வழியே குருதியிலும் சேர்கிறது. தோல் வெந்து, கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு இறந்த நாய்கள் பல. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து குளிப்பாட்டுவதோ இன்னும் கொடியது. வாயில் நுரை தள்ளி, வலிப்புக் கண்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும்.

ஆட்டுக்குக் குடற்புழு நீக்கப் போடும் 'ஐவர்மெக்டின்' ஊசியைத் தாமே நாய்க்குப் போடுவோரும் உளர். இம்மருந்தின் வரலாறு பெருமைக்குரியது. ஜப்பான் நாட்டில் சதோஷி ஓமுரா என்னும் அறிஞர் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது அது; 1981இல் கால்நடைகளுக்கு வழங்கப்பட்டது; பின்னர் ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருட்டு நோயினின்று எண்ணற்ற மக்களைக் காத்தது. ஓமுராவும் வில்லியம் கேம்பெல் என்பவரும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் கோலி போன்ற மேய்ப்பு நாய் இனங்கள் சிலவற்றில் ஒரு மரபணுக் குறை இருத்தலை 2001இல் கண்டறிந்தனர். அக்குறையுடைய நாய்க்கு இம்மருந்து சற்று மிகுந்தாலும் மூளைக்கு ஏறி நஞ்சாகும். கலப்பின நாய்க்கும் அக்குறை இருக்கலாம். ஆட்டின் எடைக்குரிய அளவு நாய்க்குரிய அளவன்று. ஒருவனுக்கு அமுதம் என்பதால் மற்றவனுக்கும் அமுதம் என்று கொள்ளலாமோ?

இவற்றினும் மறைவாகக் கேடு செய்வது, மருந்துக் கடையில் மனிதர்க்கென விற்கும் ஸ்டீராய்டு களிம்பு. மூன்றே நாளில் அரிப்பு அடங்கும், வீட்டாரும் மகிழ்வர். ஆனால் அது தோலின் எதிர்ப்பாற்றலையே அடக்கிவிடுகிறது. உள்ளே சிற்றுண்ணியோ பூஞ்சையோ இருந்தால், தடுப்பாரின்றிப் பெருகி, முன்னிலும் பன்மடங்காக வெளிப்படும். ஸ்டீராய்டு தீய மருந்து என்பதன்று. மருத்துவர் காரணம் அறிந்து, அளவறிந்து கொடுக்கையில் அது பயன் தரும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் நினைவுக்கு வருகிறது. விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பத்தின் நாய் காதோரம் சொறியத் தொடங்கியது. கழிவு எண்ணெய் பூசினர். பின்னர் களிம்பு தடவினர். இரண்டு மாதத்தில் நாய் பாதி உரோமத்தை இழந்தது. அவ்வீட்டுச் சிறுமிக்கும் வயிற்றிலும் முன்கையிலும் சிவந்த பொரிகள் தோன்றின. குடும்பத் தலைவர் நாயை எங்காவது தொலைவில் விட்டுவர முடிவு செய்தார். தடுத்தவர் சிறுமியின் அப்பத்தா. "நம்ம புள்ளைக்குச் சிரங்கு வந்தா, சந்தையில உட்டுட்டு வருவமா?" என்று அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்கு வீட்டில் எவராலும் விடை கூற இயலவில்லை. மறுநாள் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். அவர் காதோரத் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார், சார்காப்டிஸ் தெரிந்தது. வீட்டிலிருந்த இரண்டு நாய்களுக்கும் மருந்து கொடுத்தார். படுக்கைச் சாக்குகளை எரித்தனர். ஆறு வாரத்தில் உரோமம் முளைக்கத் தொடங்கியது. சிறுமியின் பொரிகளும் ஆறின. ஏனெனில் நாயின் சார்காப்டிஸ் மனிதத் தோலில் நெடுநாள் வாழ்ந்து பெருகுவதில்லை. இத்தனைக்கும் ஆன செலவு, அவர்கள் அதற்கு முன் களிம்புக்கும் எண்ணெய்க்கும் கொடுத்ததைவிடப் பெரிதன்று.

மருத்துவர் செய்வது என்ன?

சொறிக்குக் காரணம் ஒரு சிற்றுயிர் என்பதை இத்தாலிய மருத்துவர் பொனோமோவும் மருந்தாளர் செஸ்தோனியும் நுண்ணோக்கியில் கண்டு 1687இலேயே எழுதி வைத்தனர். முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும், முதற் சோதனை இன்றும் அதுவே: தோலைச் சுரண்டிப் பார்த்தல். சில நிமிடங்களில் முடியும் எளிய சோதனை அது. டெமோடெக்ஸ் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். சார்காப்டிஸ் பல வேளைகளில் கண்ணில் படாது. அப்போது மருத்துவர் அறிகுறியைக் கொண்டே மருந்து தருவதுண்டு. பூஞ்சை என்று ஐயுற்றால் உரோமத்தைப் பிடுங்கிச் சோதிப்பர்; புற ஊதா விளக்கில் பார்ப்பர். எல்லாப் பூஞ்சையும் அவ்விளக்கில் ஒளிர்வதில்லையாதலால், ஒளிரவில்லை என்பது கொண்டு நோயில்லை என்று முடிவு கட்டலாகாது. உணவு ஒவ்வாமையை அறியக் குருதிச் சோதனையைவிட உணவு மாற்றமே நம்பத்தக்கது. நாய் இதுவரை உண்ணாத ஒரு புரத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த எட்டு வாரத்தில் பிள்ளைகள் ஒரு பிஸ்கட்டை இரக்கத்தால் போட்டுவிட்டாலும் சோதனை வீணாகும்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மருந்துகளும் பெரிதும் முன்னேறியுள்ளன. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வாய்வழி கொடுக்கும் மாத்திரைகள், உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி ஆகிய மூன்றையுமே அடக்க வல்லவை. வலிப்பு நோய் கண்ட நாயாயின் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும். அத்தகைய நாய்களுக்கு இம்மருந்தில் எச்சரிக்கை தேவை என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்துள்ளது. வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் கூறுக. நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு.

ஊர்தோறும் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே உரியதென்று எண்ணுகிறோம். நாயையும் அங்கு கொண்டு செல்லலாம். நீண்டநாள் ஆறாத நோய்க்கு, நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் 2020இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரியும் உள்ளன.

வீட்டார் கடமை

மருத்துவர் செய்வது பாதி. மற்றப் பாதி வீட்டாருடையது. அதனைச் சுருங்கக் கூறுவோம்.

மருந்தைக் குறித்த நாள்வரை கொடுத்து முடிக்க வேண்டும். நாயின் மேல்தோல் முற்றும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். டெமோடெக்ஸுக்குச் சில மாதங்களும் ஆகலாம். புண் ஆறியது போல் தோன்றியவுடன் மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முதற் காரணம்.

வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் ஒரே வேளையில் மருத்துவம் செய்ய வேண்டும். படுக்கைத் துணியைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. சாக்கு எனில் எரித்துவிடுக. சுவர் வெடிப்புகளைப் பூசுக.

நாயின் தோல் மனிதத் தோலினும் மெல்லியது; அதன் காரத்தன்மையும் வேறு. நாம் தேய்க்கும் சோப்பும், பாத்திரம் துலக்கும் பொடியும் அதற்கு ஆகா. நாய்க்குரிய மருந்துச் சாம்பு போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

வெறும் சோறும் மிஞ்சிய குழம்பும் உண்டு வளரும் நாய்க்குத் தோல் வலுப்பெறாது. முட்டையோ மீனோ இறைச்சியோ ஒவ்வாமை இல்லாத அளவில் வேண்டும். வெங்காயம் கூடாது.

நோயுற்ற நாயைத் தொட்ட பின் கையைச் சோப்பிட்டுக் கழுவப் பிள்ளைகளுக்குப் பழக்குக. வீட்டில் எவருக்கேனும் அரிப்போ வட்டத் தழும்போ கண்டால் மருத்துவரிடம், "வீட்டு நாய்க்கும் இருக்கிறது" என்று சொல்லத் தவறாதீர்கள். தெருவிலுள்ள சொறி நாய்க்கு இரங்கி உதவ விரும்புவோர், அதனைத் தாமே பிடிக்க முயலாமல் பழகியவர் துணையோடு செய்க. கடிபட்டாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடி ஊசி போட்டுக் கொள்ள வேண்டும்.

ஒவ்வாமை நோய் ஒன்றை மட்டும் தனியே கூற வேண்டும். அது முற்றும் நீங்குவது அரிது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். சர்க்கரை நோயுள்ள தந்தைக்கு நாள்தோறும் மாத்திரை கொடுக்கும் மகன், "இன்னும் தீரவில்லையே" என்று சலித்து நிறுத்துவதில்லை. அத்தகைய பொறுமையே இதற்கும் வேண்டும்.

கைவிடுவதால் விளைவது

"இவ்வளவு தொல்லை எதற்கு? விட்டுவிட்டால் அதன் பிழைப்பை அது பார்த்துக்கொள்ளும்" என்பாரும் உளர். அது எவ்வாறு பிழைக்கும் என்று எண்ணிப் பார்த்தோமா? நோயுற்ற நாய் முதலில் பட்டினி கிடக்கும். பின்னர் இறைச்சிக் கழிவு கொட்டும் இடத்தை நாடும். அங்கே கூட்டத்தோடு சேரும். தன் சொறியை அக்கூட்டத்துக்கும் கொடுக்கும். 2024, 2025 ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் நாய்கள் கூட்டமாகப் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், உழவர்கள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து போராடியதையும் நாம் அறிவோம். அக்கூட்டங்களில் இருந்தவை அனைத்தும் தெருவில் பிறந்தவைதாமா? ஒரு வீட்டார் இறக்கிவைத்த சுமையை, ஆட்டையே நம்பி வாழும் மற்றொரு வீட்டார் சுமக்கின்றனர். இது நாயின் குற்றமன்று.

கொள்ளைநோய் கண்டு காட்டில் தனித்துக் கிடந்த புனித ரோக்கு என்பாருக்கு ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டு வந்தது என்பது திருச்சபை மரபு. அதனாலேயே அவர் சுரூபத்தின் காலடியில் ஒரு நாய் நிற்கிறது. மனிதர் அவருடைய புண்ணைக் கண்டு விலகினர், அந்நாய் விலகவில்லை.

ஆகவே, அன்பர்களே, உங்கள் வீட்டு நாய் சொறிந்து கொண்டிருந்தால், இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்குங்கள். இதுவரை போட்ட மருந்துகளின் அட்டைகளையும், அது உண்ணும் உணவின் விவரத்தையும், அரிப்புத் தொடங்கிய மாதத்தையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம், "ஒரு மருந்து கொடுங்கள்" என்று கேளாமல், "இதற்குக் காரணம் என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி நோய் தீரும். எஞ்சிய பாதிக்குச் சில வாரப் பொறுமை போதும்.